மருத்துவமனைச் சந்திப்பின் மூன்று பாடங்கள்: சுகார்த்தோவின் எழுச்சி பற்றிய ஒரு மறுஆய்வு

இந்தோனேசியாவின் ஜெனரல் சுகார்த்தோ படைத்துறையிலிருந்து ஆட்சித் தலைமைக்கு உயர்ந்த வரலாற்றில், 1965 செப்டம்பர் 30 இரவு ஜகார்த்தா படைத்துறை மருத்துவமனையில் நிகழ்ந்த ஒரு சந்திப்பே ஆய்வாளரிடையே நீங்காத கருத்து வேறுபாட்டுக்குக் காரணமாக உள்ளது. சூடான சூப் கொட்டிப் புண்பட்டிருந்த மகன் டோமியுடன் சுகார்த்தோ அங்கிருந்தபோது கர்னல் லத்தீப் வந்தார்; சில மணி நேரத்துக்குள், லத்தீப்பும் லெப்டினன்ட் கர்னல் உந்துங்கும் முன்நின்ற 'செப்டம்பர் 30 இயக்கம்' தரைப்படைத் தளபதி யானி உள்ளிட்ட ஆறு ஜெனரல்களைக் கொன்றது.

டச்சு அறிஞர் வெர்தைம் 1970இல் எழுதிய கட்டுரையில் இச்சந்திப்பையே சதியின் விடுபட்ட கண்ணியாகக் கொண்டார். லத்தீப் குழந்தையின் நலம் விசாரிக்க வந்ததாக அமெரிக்க எழுத்தாளர் பிராக்மனிடம் கூறிய சுகார்த்தோ, 1970இல் ஜெர்மானிய இதழான டெர் ஸ்பீகலிடம் அவர் தம்மைக் கொல்லவே வந்ததாகக் கூறினார். இம்முரண்பாடு எதையோ மறைப்பதற்கானது எனவும், சுகார்த்தோவுக்குச் சதியில் தொடர்பு இருந்திருக்கலாம் எனவும் வெர்தைம் கருதினார். முரண்பாட்டை முதலில் கவனப்படுத்திய பெருமை அவருக்கே உரியது. ஆயினும் மறைத்தலிலிருந்து சதிப்பங்கை வருவிக்கும் அவரது தாவலை ஏற்பதற்கில்லை.

வெர்தைம் கட்டுரை எழுதியபோது கிடைத்திராத மூன்றாம் பாடம் ஒன்று, 1989இல் வெளிவந்த சுகார்த்தோவின் தன்வரலாற்றில் உள்ளது. அதில் லத்தீப் கொலைகாரராகவும் வரவில்லை, நலம் விசாரிப்பவராகவும் வரவில்லை. அறைக்கு முன்னிருந்த நடைக்கூடத்தில் நடந்து சென்றவராக மட்டுமே காணப்படுகிறார். இரு பாடங்களுக்கும் இதற்கும் இடையே நிகழ்ந்தது லத்தீப்பின் வழக்கு விசாரணையாகும். திட்டமிட்ட நடவடிக்கை குறித்துச் சுகார்த்தோவுக்கு முன்பே தெரிவித்ததாக 1978இல் லத்தீப் தம் எதிர்வாதத்தில் கூற, சுகார்த்தோவைச் சாட்சியாக அழைக்கும் கோரிக்கையை நீதிமன்றம் மறுத்தது. ஆகவே உரையாடலே இல்லாத மூன்றாம் பாடம் அக்குற்றச்சாட்டுக்கான விடையாகவே அமைந்தது எனலாம். இக்காலவரிசை நேரடிச் சான்றன்று எனினும், பாடபேதங்களை விளக்க இதனினும் பொருத்தமான காரணம் புலப்படவில்லை.

லத்தீப் சுகார்த்தோவுக்கு அந்நியரல்லர். 1940இல் டச்சுக் காலனிப் படையில் சேர்ந்து, ஜப்பானியர் உருவாக்கிய பெத்தா எனும் தன்னார்வப் படை வழியாகக் குடியரசுப் படைக்கு வந்த சுகார்த்தோ, 1949 மார்ச் 1 அன்று யோக்யகார்த்தா நகரைத் தாக்கியபோது லத்தீப் அவர்கீழ்ப் போரிட்டார். உந்துங்கும் பின்னாளில் அவர்கீழ்ப் பணியாற்றியவரே. யானி வெளிநாடு செல்லுங்கால் அவர் பொறுப்பை ஏற்றவரும், கொஸ்த்ராட் எனும் சேமப்படையின் தளபதியுமான சுகார்த்தோவின் பெயர் கடத்தப்பட வேண்டியோர் பட்டியலில் இல்லை. மேலும், இயக்கத்தின் படையினர் மெர்டேக்கா சதுக்கத்தில் நின்றபோது, கொஸ்த்ராட் தலைமையகம் இருந்த கிழக்குப் பக்கத்தை மட்டும் காவலின்றி விட்டிருந்தனர். வெர்தைமின் தரப்புக்கு இதுவே வலுவான சான்றாகத் தோன்றலாம். ஆனால் இது சதிகாரர் சுகார்த்தோவின் மீது வைத்த நம்பிக்கையைக் காட்டுமேயன்றி, அந்நம்பிக்கைக்கு அவர் வாக்களித்தார் என்பதைக் காட்டாது. அக்டோபர் 1 அன்றே அச்சதுக்கத்தில் நின்ற இரு படைப்பிரிவுகளையும் அவர் செயலிழக்கச் செய்தார் என்பது எதிர்த்திசையில் நிற்கும் உண்மையாகும்.

அறிந்திருத்தல் வேறு, திட்டமிடுதல் வேறு. மருத்துவமனையில் பேசப்பட்டவை எவை என்பதை எஞ்சியுள்ள சான்றுகளால் உறுதி செய்ய இயலாது. எனினும் லத்தீப்பின் கூற்று ஓரளவேனும் மெய்யாயின், தம் மேலதிகாரி யானியை எச்சரிக்காத மௌனத்துக்குச் சுகார்த்தோ பொறுப்பாவார்; சதிப்பங்கை மெய்ப்பிக்க முயன்ற வெர்தைமின் வாதம் இந்த எளிய, கனத்த குற்றச்சாட்டைப் பின்தள்ளிவிட்டது. செப்டம்பர் 30 இயக்கத்தைத் தொடர்ந்த கம்யூனிஸ்ட் எதிர்ப்புப் படுகொலைகளில் சுமார் ஐந்து லட்சம் பேர் மாண்டதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. 1966 மார்ச் 11 அன்று அதிபர் சுகர்ணோவிடமிருந்து அதிகார ஆணை பெற்ற சுகார்த்தோ, 1968இல் முழு அதிபரானார். லத்தீப்போ அவர் பதவி விலகியதற்கு மறுஆண்டான 1999இல்தான் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார்.