ஒரு வருஷக் கணக்கு

லண்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் கோயமுத்தூரில் பத்து வருஷம் கார் ஓட்டியவன். போன மாதம் போனில், "மாமா, மறுபடியும் எல் போர்டு மாட்டிட்டேன்" என்றான்.

பிரிட்டனில் குடியேறியவர் இந்திய லைசென்ஸில் 12 மாதம்தான் ஓட்டலாம். பிறகு எல்லா டெஸ்டும் முதலிலிருந்து. சிங்கப்பூர், ஜப்பான் லைசென்ஸ் என்றால் மாற்றித் தருவார்கள். நம்முடையது அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த ஒரு வருஷக் கணக்கு பழையது. 1909-ல் பாரிஸில் மோட்டார் வண்டிகளுக்கான முதல் சர்வதேச ஒப்பந்தம் போட்டார்கள். அன்றைக்கு எல்லை தாண்டிக் கார் ஓட்டியவர்கள் ஊர் சுற்றப் போன பணக்காரர்கள். 1926-ல் ஓட்டுநருக்கென்று தனி பெர்மிட் வந்தது. 1949 ஜெனீவா ஒப்பந்தம் (இந்தியாவும் இதில் உண்டு) பச்சையாகவே எழுதிவிட்டது: தொடர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டவருக்கு இந்தச் சலுகையைத் தர எந்த நாடும் கடமைப்பட்டதில்லை. 1968 வியன்னா ஒப்பந்தம் இன்னும் கறார். வசிப்பிடம் மாறிவிட்டாலே பழைய லைசென்ஸை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை.

எழுதியவர்கள் மனதில் இருந்தது விருந்தாளிதான், பிழைக்கப் போனவன் இல்லை. (வங்கியில் நாங்களும் பாஸ்போர்ட்டைப் பார்த்து அல்ல, வசிப்பிடத்தைப் பார்த்துத்தான் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக்கச் சொல்கிறோம்!)

இந்தியாவுக்குள் இந்த வம்பு இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி லைசென்ஸ் நாடு முழுக்கச் செல்லும். மதுரை லைசென்ஸில்தான் நான் மும்பையில் ஓட்டுகிறேன். அதே சட்டம் வண்டியை மட்டும் விடவில்லை: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது நம்பர் வாங்க வேண்டும். 2021-ல் வந்த பி.எச். வரிசை நம்பருக்கு அந்த அலைச்சல் கிடையாது.