நியமனக் கடிதமும் ஒரு மறுமொழியும்

பாலவாக்கத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக் கணினி நிறுவனங்களுக்குப் பணிக்குச் செல்லும் இளைஞர்கள் பெறும் நியமனக் கடிதங்கள் பல பக்கங்கள் நீளுகின்றன. ஊதியம், தகுதிகாண் பருவம், விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம் ஆகிய அனைத்தும் அவற்றில் வரையறுக்கப்பட்டிருக்கும். பணி பெறுபவர் எழுதுவது பெரும்பாலும் கையொப்பம் மட்டுமே. தமக்கு வந்த கடிதத்திற்குத் தம் சொற்களிலேயே மறுமொழி தந்த ஒருவர் சென்னை வரலாற்றில் உண்டு. அவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

1912 பிப்ரவரி 9 அன்று அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலை வேண்டி விண்ணப்பித்தார். எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர் அவர். மார்ச் முதல் நாள் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. பட்டம் பெறாதவருக்கு அது அரிய சலுகையே. எனினும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தரவேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது.

1914இல் இங்கிலாந்து சென்றார். 1918இல் அரச கழக உறுப்பினரானார். அதற்குள் நோய் அவரை வீழ்த்தியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பல்கலைக்கழகத்திலிருந்து மற்றொரு கடிதம் வந்தது: ஆண்டுக்கு 250 பவுன், ஐந்து ஆண்டுகளுக்கு. இம்முறை நிபந்தனை ஏதுமில்லை.

புட்னியிலுள்ள மருத்துவ இல்லத்திலிருந்து 1919 ஜனவரி 11 அன்று பதிவாளர் டியூஸ்பரிக்கு அவர் மறுமொழி எழுதினார். உதவியை நன்றியுடன் ஏற்றுக்கொண்டார். ஆனால், தாம் நாடு திரும்பியபின் அத்தொகை முழுவதும் தமக்குத் தேவைப்படாது என்றார். இங்கிலாந்துச் செலவுகள் போக, ஆண்டுக்கு 50 பவுன் பெற்றோருக்குத் தரப்படவேண்டும். தம் இன்றியமையாத் தேவைகள் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், அனாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்தவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பணத்தட்டுப்பாட்டில் வளர்ந்து, கல்லூரிப் படிப்பை முடிக்க இயலாமற் போனவரின் வேண்டுகோள் இது. ஊதியத்தை உயர்த்தக் கோரும் கடிதங்கள் எத்தனையோ உண்டு; எனக்கு இவ்வளவு போதும் என்று எழுதிய கடிதத்தை நாம் எங்கே காண்கிறோம்?

ஒன்றையும் சொல்லாமல் விடலாகாது. மனைவி ஜானகியின் பெயர் அக்கடிதத்தில் இல்லை. அவரும் பெற்றோருடன் குடும்பத்தில் அடக்கம் என இராமானுஜன் எண்ணியிருக்கலாம். அக்கால வழக்கமும் அதுவே.

1920 ஏப்ரல் 26 அன்று தம் 32ஆம் வயதில் இராமானுஜன் சேத்துப்பட்டில் காலமானார். ஐந்தாண்டு உதவியில் ஓராண்டே கழிந்திருந்தது. பல்கலைக்கழகம் ஜானகிக்கு மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் அளித்தது. அவர் தையல் தொழில் கற்று, திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் அதைக் கொண்டே வாழ்ந்தார்.