அண்ணாமலையைத் தேட இரண்டு வழி

அருணாசல புராணம், அருணைக் கலம்பகம், தேவாரப் பதிகங்கள் என்று திருவண்ணாமலை சார்ந்த நூல்களை ஒரே கோப்பில் போட்டு, எடிட்டரின் தேடல் பெட்டியில் ‘அண்ணாமலை’ என்று தட்டிப் பாருங்கள். ‘திருவண்ணாமலை’ சிக்காது. ‘திரு’வோடு சேர்ந்ததும் அகரம் வகர மெய்யில் ஏறிவிடுகிறது. சாதாரணத் தேடலுக்குப் புணர்ச்சி விதி தெரியாது. குறியீட்டுக்குக் குறியீடு ஒத்துப் பார்க்க மட்டுமே தெரியும்.

சொல்லின் வடிவத்தை விதியாக எழுதித் தேடும் ரெஜெக்ஸ் (regular expression) தேடலில் [அவ]ண்ணாமலை என்று எழுதினால் இரண்டு வடிவமும் வரும். அடைப்புக்குள் இருப்பதில் ஏதாவது ஒன்று வந்தால் போதும் என்பது பொருள். ‘ண்ணாமலை’ என்று தலையை வெட்டித் தேடினால் ஆகாதா? ஆகும், அவசரத்துக்கு நானும் அதைத்தான் செய்வேன். என்ன, சுவாமியைத் தேடினால் அம்மனும் கூடவே வருவாள். உண்ணாமுலையம்மனை ‘உண்ணாமலை’ என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

ரெஜெக்ஸ் புதிதல்ல. கணினி அறிஞர் கென் தாம்ப்சன் 1960-களிலேயே கியூ.இ.டி. எடிட்டரில் ரெஜெக்ஸைச் சேர்த்து, 1968-இல் அதன் செயல்முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். விண்டோஸில் பலர் புழங்கும் நோட்பேட்++, பி.சி.ஆர்.இ. (பெர்ல் மொழிக்கு ஒத்த) வகை ரெஜெக்ஸை ஏற்றது 2012-இல், 6.0 பதிப்பில்தான்.

அம்மன் பெயரின் இரு வடிவங்களையும் பிடிக்க ‘உண்ணாமு?லை’ என்று எழுதிப் பாருங்கள். கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தமிழ் படித்த கண்ணுக்கு ‘மு’ ஓர் எழுத்து. ஆகவே ‘உண்ணாமுலை’, ‘உண்ணாலை’ என்று எதிர்பார்ப்போம். வருவதோ ‘உண்ணாமுலை’யும் ‘உண்ணாமலை’யும். யூனிகோடில் மகரம் தனி, உகரக் குறி தனி. கேள்விக்குறி அந்தக் குறியை மட்டுமே தொடுகிறது. இங்கே அது நமக்கு லாபமாகவே முடிகிறது. ‘ஏதோ ஓர் எழுத்து’ என்று புள்ளி வைத்துத் தேடும்போதுதான் வம்பு. ‘அண்ணாமலை’ நமக்கு ஐந்தெழுத்து, எந்திரத்துக்கு எட்டு. ஐந்து புள்ளி வைத்தால் ‘அண்ணாமலை’யில் ‘அண்ணா’வோடு நின்றுவிடும்.

தீபக் கொப்பரையின் ‘கொ’ இரண்டு வழியையும் ஏமாற்றும். ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. எடிட்டர் செய்கிறவர், தேடுமுன் கோப்பையும் தேடுசொல்லையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். முழு எழுத்தைப் பிடிக்க, பி.சி.ஆர்.இ.-யில் பின்சாய்கோட்டோடு (\) பெரிய எக்ஸ் எழுதும் வசதி உண்டு. அதை உதவிப் பக்கத்தின் அடியில் புதைக்காமல் தமிழ்ப் பயனருக்குப் பெட்டியருகிலேயே காட்டலாம்.

பழைய நூலைத் தேட என் ஓட்டு ரெஜெக்ஸுக்கே. சாதாரணத் தேடல் தவறவிட்டது கண்ணில் படாது. ரெஜெக்ஸ் அதிகமாக அள்ளி வந்தது பட்டியலில் தெரியும், தள்ளிவிடலாம். ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை அமுக்குவதானால் கதை தலைகீழ்: அதிகமாக அள்ளியதும் சேர்ந்தே திருத்தப்பட்டுவிடும். அதற்குச் சாதாரணத் தேடலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே மேல்.