முந்தைய விமானத்தில் போன கோல்கீப்பர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள். கால்பந்தில் ஆர்வம் இல்லாதவர்களும் படிக்கலாம், பாதிக் கதை பந்தைப் பற்றியது அல்ல.

பள்ளிக்கூடத்தில் கால்பந்து ஆடும்போது ஓட முடியாத பையனைத்தான் கோலில் நிறுத்துவார்கள். நானும் அப்படி நிறுத்தப்பட்டவன்தான். அதனாலோ என்னவோ, கோல் போட்டவர்களை விட கோல் வாங்கியவர்களின் வரலாறுதான் என்னை இழுக்கிறது. அப்படி நான் தேடிப் படித்த ஒருவர் ஸ்டான்லி மென்சோ. நெதர்லாந்தின் கோல்கீப்பராக இருந்து பிறகு பயிற்சியாளர் ஆனவர்.

அவர் பிறந்தது நெதர்லாந்தில் அல்ல. 1963 அக்டோபர் 15, பரமாரிபோ. எங்கே இருக்கிறது என்று யோசிக்கிறீர்களா? தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் சுரினாம் என்று ஒரு சிறிய நாடு, அதன் தலைநகரம். அது டச்சுக்காரர்களின் காலனி. கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுபோனார்கள். அடிமை முறையை ஒழித்த பிறகு 1873 முதல் கல்கத்தாவிலிருந்து கப்பல் கப்பலாக நம் நாட்டுக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் வட இந்தியர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்று கீழே புரியும். 1975 நவம்பர் 25 அன்று சுரினாம் விடுதலை அடைந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஏராளமான குடும்பங்கள் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தன. மென்சோவும் சிறு வயதிலேயே அங்கே போனவர்.

நெதர்லாந்தின் கால்பந்தை இந்தக் குடும்பங்கள் மாற்றிவிட்டன. 1988இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற நெதர்லாந்து அணியின் ரூட் குல்லிட், ஃப்ராங்க் ரைக்கார்ட் இருவரின் தந்தையரும் சுரினாமிலிருந்து வந்தவர்கள்.

மென்சோ ஆடியது ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கழகத்துக்கு. 1985இல் யோஹான் க்ரைஃப் அங்கே பயிற்சியாளராக வந்தார். க்ரைஃபின் கணக்கு எளிமையானது. எதிரணியில் பத்துப் பேர் பந்தைத் துரத்துகிறார்கள், நம் பக்கம் பதினோராவது ஆள் கோலில் சும்மா நிற்கிறான், அவனும் ஆடினால் நமக்கு ஒரு ஆள் கூடுதல். ஆகவே கோல்கீப்பர் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. தடுப்பாட்டக்காரர்கள் முன்னேறிப் போனால் அவர்களுக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தை அவர்தான் காக்க வேண்டும். பந்தைக் காலால் சரியான ஆளுக்குத் தள்ளிவிடத் தெரிய வேண்டும். இன்று எந்தத் தொலைக்காட்சி ஆட்டத்தைப் பார்த்தாலும் இது சாதாரணம். அன்று இது விபரீதம்! பெட்டியை விட்டு வெளியே ஓடிவரும் கோல்கீப்பரைப் பார்த்து மக்கள் பதறினார்கள். க்ரைஃபுக்கு அந்த வேலையைச் செய்து காட்டியவர் மென்சோ.

1987 மே மாதம் ஏதென்ஸில் நடந்த கோப்பை வெற்றியாளர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் லைப்சிக் அணியை 1-0 என்று வென்றார்கள். மார்கோ வான் பாஸ்டன் தலையால் முட்டிய கோல். கோலைக் காத்தவர் மென்சோ. அடுத்த ஆண்டும் இறுதிக்கு வந்து, பெல்ஜியத்தின் மெஹெலென் அணியிடம் தோற்றார்கள்.

இந்த ஆட்ட முறையில் ஒரு கொடுமை உண்டு. கோட்டில் நிற்பவர் கோல் வாங்கினால் பாவம் என்பார்கள். வெளியே வந்தவர் வாங்கினால் அது முழுக்க அவர் தவறு. மென்சோ கறுப்பர் என்பதால் அது இரண்டு மடங்கானது. எதிரணி ரசிகர்கள் குரங்கு போலச் சத்தமிட்டார்கள், வாழைப்பழம் வீசினார்கள். கோல்கீப்பர் அந்தக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொண்ணூறு நிமிடம் ஒரே இடத்தில் நிற்க வேண்டியவர். மற்ற வீரர்களாவது மைதானத்தின் மறுபக்கம் ஓடிவிடலாம். இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய முதல் ஆட்டக்காரர்களில் மென்சோவும் ஒருவர்.

இனி 1989க்கு வருகிறேன்.

ஆம்ஸ்டர்டாமில் சோனி ஹஸ்னூ என்றொரு சமூகப் பணியாளர். சுரினாமியப் பிள்ளைகள் நெதர்லாந்தில் வழி தெரியாமல் தவிப்பதைப் பார்த்தவர். அவர்களுக்கு முன்மாதிரி காட்ட, நெதர்லாந்தில் தொழில்முறையாக ஆடும் சுரினாமிய வீரர்களைச் சேர்த்து 'வண்ணமிகு பதினொருவர்' என்று ஓர் அணியை உருவாக்கினார். 1989 ஜூனில் அந்த அணி பரமாரிபோ சென்று ஆடுவதாக ஏற்பாடு. குல்லிட், ரைக்கார்ட் போன்ற பெரிய வீரர்களை அவர்களுடைய கழகங்கள் விடவில்லை. கிடைத்தவர்களில் பலர் நடுத்தர வீரர்கள்.

மென்சோவுக்கும் கழகத்தின் அனுமதி கிடையாது. ஆனாலும் அவரும் ஹென்னி மேயர் என்ற இன்னொரு வீரரும் தனியாக முந்தைய விமானத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அணியின் மற்றவர்கள் பின்னால் வேறு விமானத்தில் வந்தார்கள். சுரினாம் ஏர்வேஸின் டிசி 8 விமானம் அது. 1988 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற சுரினாம் வீரர் அந்தோனி நெஸ்டியின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார்கள். ஜூன் 7 அதிகாலை, சாண்டெரெய் விமான நிலையத்தின் மேல் மூடுபனி. நம்பத்தகாத தரைக்கருவியின் சமிக்ஞையை வைத்து விமானிகள் இறங்க முயன்றார்கள். குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே போய் விமானம் மரங்களில் மோதியது. விசாரணையில் இன்னொன்றும் தெரியவந்தது. தலைமை விமானிக்கு வயது 66, அனுமதிக்கப்பட்ட வரம்பு 60.

விமானத்தில் இருந்த 187 பேரில் 176 பேர் இறந்தார்கள். அணியைச் சேர்ந்த 18 பேரில் பிழைத்தவர்கள் மூவர்தான்: சிகி லென்ஸ், ராஜின் டி ஹான், எடு நந்த்லால். கடைசிப் பெயரைக் கவனித்தீர்களா? கல்கத்தாக் கப்பல்களைப் பற்றி மேலே சொன்னது இதற்காகத்தான்.

ஜெரி ஹாட்ரெஹ்ட் என்ற இளைஞர், ஆட்டம் இருந்ததால் வர முடியாத தன் அண்ணனுக்குப் பதிலாகப் போனவர். இறந்தவர்களில் அவரும் ஒருவர். அண்ணன் பிழைத்தார். அப்புறம் லாயிட் டூஸ்பர்க். அவரும் கோல்கீப்பர்தான், அதுவும் அயாக்ஸில், மென்சோவுக்கு அடுத்த நிலையில் இருந்தவர். வாரா வாரம் பெஞ்சில் உட்கார்ந்து, முதல் கோல்கீப்பருக்கு ஏதாவது ஆனால் இறங்கத் தயாராக இருக்கும் வேலை. அவர் ஏறியது இரண்டாவது விமானத்தில்.

மென்சோ அயாக்ஸுக்குத் திரும்பி மறுபடி கையுறை மாட்டினார். எப்படி முடிந்தது என்று எனக்குப் புரியவில்லை. தினமும் பயிற்சிக்குப் போகும்போது அந்த இரண்டாவது இடம் காலியாக இருப்பது கண்ணில் படுமே! 1990இல் அயாக்ஸ் நாட்டுச் சாம்பியன். 1992இல் டொரினோவோடு முதல் ஆட்டம் 2-2, அடுத்தது 0-0, யூஈஎஃப்ஏ கோப்பை கையில் வந்தது. நெதர்லாந்து தேசிய அணிக்கு ஆறு முறை ஆடினார். ஹான்ஸ் வான் ப்ரூக்கெலன் இருந்த காலத்தில் அதுவே பெரிது.

1992 கோடையில் கால்பந்துச் சட்டம் ஒன்று மாறியது. தன் அணி வீரர் காலால் பின்னுக்குத் தள்ளிய பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. உலகத்தின் எல்லா கோல்கீப்பர்களும் திடீரென்று காலால் ஆடக் கற்க வேண்டிய நிலை. மென்சோ ஏழெட்டு ஆண்டுகளாகச் செய்துவந்ததே இப்போது சட்டமாகிவிட்டது. நியாயமாக அது அவருடைய பருவமாக இருந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. 1993 மார்ச்சில் பிரான்ஸின் ஒசேர் அணியிடம் அயாக்ஸ் 4-2 என்று தோற்றது. மென்சோ தவறு செய்தார். பயிற்சியாளர் லூயி வான் ஹால் அவரை உட்காரவைத்துவிட்டு ஓர் இளைஞரை இறக்கினார். பெயர் எட்வின் வான் டெர் சார். 1995இல் ஐரோப்பியச் சாம்பியன் ஆன அணியின் கோல்கீப்பர் அவர்தான். காலால் ஆடும் கோல்கீப்பர் என்றால் இன்று எல்லோரும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

மென்சோ 1994இல் பிஎஸ்வி போனார், பிறகு பெல்ஜியத்தின் லியர்ஸ். அங்கே 1997இல் நாட்டுச் சாம்பியன் பட்டம், அந்தச் சிறிய கழகத்துக்கு 1960க்குப் பிறகு முதல் முறை. இந்த வெற்றியைப் பற்றிப் பலரும் எழுதுவதில்லை. எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது.

பயிற்சியாளராக அவர் பெரிய கழகங்களின் ஆள் அல்ல. ஃபோலெண்டாம் என்ற மீனவர் ஊரின் அணியை 2008இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெறச் செய்து மேல் பிரிவுக்கு ஏற்றினார். விபத்தில் இறந்த ஸ்டீவ் வான் டார்பெல் ஆடிய கழகமும் அதுவே. பிறகு காம்பூர், பழைய லியர்ஸ், தென்னாப்பிரிக்காவின் அயாக்ஸ் கேப் டவுன், பெய்ஜிங் என்று ஊர் ஊராகப் போனார்.

நடுவில் சுரினாம் தேசிய அணி. டச்சுக் குடியுரிமை பெற்றவர்களை அந்த அணி பல ஆண்டுகள் சேர்க்க முடியாமல் இருந்தது. 2019க்குப் பிறகு 'விளையாட்டுக் கடவுச்சீட்டு' என்ற ஏற்பாட்டில், நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்த சுரினாமிய வம்சாவளி வீரர்களும் ஆடலாம் என்றானது. அப்படிப்பட்ட வீரர்களைத்தான் மென்சோ அழைத்துப் போனார். சொந்த மண்ணில் ஆட்டம் என்றால் அவர்கள் இறங்க வேண்டிய விமான நிலையம் அதே சாண்டெரெய்.

சுரினாம் இதுவரை உலகக் கோப்பையில் ஆடியதே இல்லை. 2025 நவம்பரில் அந்த வாசல் வரை வந்துவிட்டார்கள். பரமாரிபோவில் எல் சால்வடாரை 4-0 என்று வென்றார்கள். அடுத்து குவாத்தமாலாவில் கடைசி ஆட்டம். நாட்டின் விடுதலைப் பொன்விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. அங்கே 3-1 என்று தோற்று, நேரடித் தகுதி கைநழுவியது. சுரினாமுக்குக் கிடைத்த அந்த ஒரு கோலும் எதிரணி வீரர் தன் கோலுக்குள்ளேயே தள்ளியது. ஆனால் அந்தக் கோல்தான் பிளே-ஆஃபுக்குப் போகும் வாய்ப்பைக் காப்பாற்றிக் கொடுத்தது. அந்த ஆட்டங்களுக்கு மென்சோ இருக்கவில்லை. குவாத்தமாலா தோல்விக்குப் பிறகு அவர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார்.