ஜாவாவில் அணுகல் மாற்றிகளின் வரலாறு

ஜாவா நிரலில் ஒரு வகுப்பையோ அதன் உறுப்புகளையோ வேறு எந்தப் பகுதிகள் எடுத்தாளலாம் என்று வரையறுக்கும் சொற்கள் அணுகல் மாற்றிகள் எனப்படும். பப்ளிக், புரொடெக்டட், பிரைவேட் என இவை மூன்று. எந்தச் சொல்லும் இடாமல் விடுவது நான்காம் நிலை. அப்போது அதே பேக்கேஜில் உள்ள வகுப்புகள் மட்டும் அணுகலாம். மாணவர்கள் இதை ஓர் அட்டவணையாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்த அட்டவணை உருவான கதை அவ்வளவு எளிதானதல்ல.

வகுப்பு என்ற கருத்தைக் கொண்டுவந்தது நார்வேயில் பிறந்த சிமுலா 67 மொழி. அதில் உறுப்புகளை மறைக்கும் வசதி தொடக்கத்தில் இல்லை. பின்னாளில் மாறக்கூடிய முடிவு எதுவோ அதையே ஒவ்வொரு கூறும் தன்னுள் மறைத்துக்கொள்ள வேண்டும் என்று டேவிட் பார்னாஸ் 1972இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். மறைப்பது திருட்டுக்கு அஞ்சி அல்ல, திருத்தும் உரிமையைக் காத்துக்கொள்ளவே. பாடநூல்கள் பலவும் இதைச் சொல்லத் தவறுகின்றன.

பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் உருவாக்கிய சி++ மொழி பப்ளிக், பிரைவேட் என்ற பிரிவுகளைப் பரவலாக்கியது. மார்க் லிண்டன் என்பவரின் வேண்டுகோளால் புரொடெக்டட் பின்னர் சேர்ந்தது. சில ஆண்டுகளில் லிண்டனே தம் திட்டத்தில் புரொடெக்டட் தரவு உறுப்புகளுக்குத் தடை விதித்தார் என்பது வேடிக்கை.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் குழுவினர் உருவாக்கிய ஜாவாவின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வெளிவந்தது. சொற்கள் சி++ தந்தவை. பொருள் சற்று வேறு. ஜாவாவில் புரொடெக்டட் உறுப்பை வழிவந்த வகுப்புகள் மட்டுமன்றி அதே பேக்கேஜில் உள்ள எல்லா வகுப்புகளும் அணுகலாம். தேர்வில் பலர் சறுக்கும் இடம் இது.

திறந்துவிட்டதை மீண்டும் மூட முடியாது என்பதற்கு ஜாவாவின் சொந்த நூலகமே சாட்சி. டைமென்ஷன் வகுப்பில் அகலமும் உயரமும் பப்ளிக் மாறிகளாக வைக்கப்பட்டன. அவற்றை மறைத்தால் பழைய நிரல்கள் உடையும் என்பதால் இன்றும் அப்படியே இருக்கின்றன. ஸ்ட்ரிங் வகுப்போ தன் எழுத்துகளை பிரைவேட் அணியில் வைத்திருந்தது. அதனால் 2017இல் ஜாவா 9 அந்த அணியின் வகையையே மாற்றி, லத்தீன் எழுத்துச் சரங்களின் இடத்தைப் பாதியாகக் குறைத்தபோது, ஸ்ட்ரிங்கை முறைப்படி பயன்படுத்திய நிரல்களில் ஒரு வரியும் மாற வேண்டியிருக்கவில்லை. தமிழ்ச் சரங்களுக்கு இந்தச் சிக்கனம் கிட்டவில்லை; நம் எழுத்துக் குறியீடுகள் அங்கே இன்றும் இரண்டிரண்டு பைட்டுகள்தான்.

பூட்டு இருந்தும் ஓட்டைகள் இரண்டு இருந்தன. 1998இல் வந்த ஜாவா 1.2, ரிஃப்ளெக்‌ஷன் வழியாக பிரைவேட் உறுப்பையும் தொட வழி தந்தது. மற்றொன்று, நூலகத்தின் உட்பகுதிகள் தங்களுக்குள் பகிர வேண்டியவற்றை பப்ளிக் என்றே அறிவிக்க வேண்டியிருந்தது. அதனால் அவை உலகுக்கே திறந்தன. அன்சேஃப் என்ற உள்வகுப்பை நிரலாளர்கள் இவ்விரு வழிகளாலும் எடுத்தாண்டு, புகழ்பெற்ற நூலகங்களைக்கூட அதன்மேல் கட்டிவிட்டார்கள்.

இதைச் சரிசெய்ய 2008இல் தொடங்கிய ஜிக்சா திட்டம், பல பேக்கேஜ்களைச் சேர்த்து மாட்யூல் என்ற புதிய எல்லையை வகுத்தது. மாட்யூல் வெளியிடாத பேக்கேஜில் உள்ள வகுப்பு, பப்ளிக் ஆனாலும் வெளியே தெரியாது. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 2017 மே மாத வாக்கெடுப்பில் ஜாவா செயற்குழு 13க்கு 10 என்று இதை நிராகரித்தது. திருத்தங்களுக்குப் பின் ஜூனில் ஏற்றது. செப்டம்பரில் ஜாவா 9 வெளியானபோதும் பழைய நிரல்கள் எச்சரிக்கையுடன் உள்ளே நுழைய அனுமதிக்கப்பட்டன. 2021இல் ஜாவா 16 அந்த வழியை இயல்பாக அடைத்தது. அதே ஆண்டு ஜாவா 17, சலுகையைத் திறக்கும் பொது விருப்பத்தையும் நீக்கியது.

அன்சேஃப் தனியொரு மாட்யூலில் விட்டுவைக்கப்பட்டது. அதன் நினைவக அணுகல் முறைகள் பிற்காலத்தில் நீக்கப்படும் என்று 2024இல் ஜாவா 23 அறிவித்தது.