கைவிட்ட கருவி பாடிய கதை

வீட்டிலுள்ள வானொலிப் பெட்டி பேசாமற் போய்விட்டால், அதனை என்ன செய்வது என்பதில் இரு கட்சிகள் உண்டு. எடைக்குப் போட்டுவிடலாம் என்பது ஒரு கட்சி. பின்பலகையைக் கழற்றி, உயிருள்ள உறுப்புகளை எடுத்து வேறொன்று செய்யலாம் என்பது மற்றொன்று. இந்த இரண்டாம் கட்சியாரை வீட்டார் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நம் நாட்டு ஒலிபரப்பின் வரலாற்றைப் புரட்டினால், அதன் முதல் ஏடுகளில் இத்தகையோரையே காண்கின்றோம்.

அந்நாளில் ஒலிபரப்பைக் கேட்க விலையுயர்ந்த பெட்டி வேண்டுவதில்லை. அட்டைக் குழலின்மேற் சுற்றிய செப்புக் கம்பி, கலீனா என்னும் ஈயத் தாதுவின் சிறு துண்டு, அதனைத் தொட்டு நிற்கும் மெல்லிய கம்பிமுனை, காதிற் பொருத்தும் கருவி, உயரக் கட்டிய ஏரியல், நிலத்திற் பதித்த கம்பி ஆகிய இவை போதும். பாட்டரியும் வேண்டா, வானலை கொணரும் சிற்றாற்றலாலேயே அது பேசும். கலீனாவைக் கொண்டு மின்னலைகளை உணரும் கருவிக்கு ஜகதீச சந்திர போஸ் 1904-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார்.

கேட்பதற்குக் கருவி எளிது. ஒலிபரப்புவதோ அத்துணை எளிதன்று. 1924 மே 16-ஆம் நாள் சென்னையில் இராஜதானி ரேடியோ கிளப் தோன்றியது. அதற்கு முதல்வராக நின்றவர் ஸி. வி. கிருஷ்ணசுவாமி செட்டியார். இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளை இணைத்து அமைத்த ஒலிபரப்பியுடன், அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் பணி தொடங்கியது. அதன் ஆற்றல் 40 வாட். அதாவது, சிறிய குண்டு விளக்கு ஒன்று உண்ணும் மின்சாரம். அதனைக் கொண்டு சென்னையின் மாலை வேளையில் இசையையும் பேச்சையும் வானில் ஏற்றினர். பின்னர் ஆற்றலைப் பெருக்கவும் செய்தனர். ஆயினும் பொருள்முட்டுப்பாடு நெருக்கவே, 1927 அக்டோபரில் கிளப் தன் ஒலிபரப்பை நிறுத்தியது.

அன்பர் குழு ஆதலின் தோற்றது என்று கருதிவிடலாகாது. அதே 1927 ஜூலை 23-ஆம் நாள் பம்பாயில் பெரு முதலுடன் தொடங்கிய இந்திய ஒலிபரப்புக் கம்பெனியும் 1930-இல் கலைக்கப்பட்டது. பணம் படைத்தோரும் இடறிய காலம் அது.

இனிச் சென்னையின் கருவிக்கு என்ன நேர்ந்தது? உறுப்பு உறுப்பாகக் கழற்றி விற்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கிளப் அதனைச் சென்னை நகர மாநகராட்சிக்கு நன்கொடையாக அளித்தது. இரண்டரை ஆண்டு வாய்மூடிக் கிடந்தபின், 1930 ஏப்ரல் 1-ஆம் நாள் மாநகராட்சியின் ஒலிபரப்புத் தொடங்கியது. மாலைதோறும் இசை ஒலித்தது; பள்ளிப் பிள்ளைகளுக்கென இசைப் பாடமும் கதையும் ஒலிபரப்பாயின. பெட்டி வாங்க இயலாதோரும் கடற்கரையில் அமைத்த ஒலிபெருக்கியின் அருகே அமர்ந்து கேட்டனர். 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறக்கும் வரை இப்பணி நீடித்தது. சிலருடைய பொழுதுபோக்கு ஒரு நகரத்தின் பொதுச் சொத்தாயிற்று.

மைசூரிலும் இத்தகைய முயற்சி ஒன்று நிகழ்ந்தது. உளநூற் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி, 1935 செப்டம்பரில் தம் இல்லத்திலேயே 30 வாட் ஒலிபரப்பியை நிறுவினார். அந்நிலையம் வழங்கிய ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் பின்னாளில் நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. 1945-இல் போர் முடிந்தபின், படைகள் கழித்த வால்வுகளும் பெட்டிகளும் பழைய பொருட் சந்தைகளுக்கு வந்தன. பொழுதுபோக்கு வானொலியாளர் பலர் அவற்றைக் கொண்டே தம் நிலையங்களை அமைத்துக்கொண்டனர்.

நாமும் தில்லிக் குடியிருப்பில் சிறுவராய் இருந்த நாளில் இந்த இரண்டாம் கட்சியையே சேர்ந்திருந்தோம். உடைந்த டிரான்ஸிஸ்டரிலிருந்து எடுத்த டயோடு ஒன்று; மாடியில் துணி உலர்த்தும் கம்பியே ஏரியல். காதிற் செருகும் கருவியை எவர்சில்வர் டம்ளருக்குள் இட்டால், அருகிருந்தோர்க்கும் மெல்லக் கேட்கும். தமிழ் வரும் என்று எதிர்பார்த்து அன்னையார் வந்து அமர்ந்தார். வந்ததோ இந்திச் செய்தி. ஆயினும் அவர் எழுந்து போகவில்லை. செய்தி முடியும் வரை டம்ளரின்மேற் குனிந்தே இருந்தார்.

எடைக்குப் போடுமுன் ஒருமுறை பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். வால்வுப் பெட்டியாயின், மின்தொடர்பை நீக்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்; தேர்ந்தவர் உடனிருக்கட்டும்.