ஊதாமல் ஒலித்த மகுடி

1954ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நாகின்’ என்னும் இந்திப் படத்தின் மகுடி இசை, மொழி தெரியாத தமிழரையும் மயக்கிற்று. தேர்ந்த பாம்பாட்டி ஒருவன் ஊதியது என்றே கேட்டோர் பலரும் எண்ணினர். உண்மையில் அதனை எவரும் ஊதவேயில்லை.

இசையமைப்பாளர் ஹேமந்த் குமாரின் குழுவிலிருந்த கல்யாண்ஜி, கிளாவியோலின் என்னும் மின்னிசைக் கருவியில் அவ்வொலியை எழுப்பினார். ரவி ஆர்மோனியத்தில் துணைநின்றார். இருவரும் பின்னாளில் தாமே இசையமைப்பாளராகப் புகழ் பெற்றனர். கிளாவியோலினை 1947இல் உருவாக்கியவர் கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்னும் பிரெஞ்சுக்காரர். அது வால்வுகளால் இயங்குவது. ஒரு வேளையில் ஒரு சுரமே ஒலிப்பது. முழங்காலால் தள்ளும் நெம்புகோல் ஒன்று ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் உதவும்.

மகுடி இவ்வளவு எளிதில் பொறிக்குள் அகப்பட்டது ஏன்? அதன் அமைப்பை நோக்கினால் விளங்கும். ஊதுவோன் கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டே மூக்கால் மூச்சிழுப்பதால் ஓசை அறுவதில்லை. இரு குழல்களில் ஒன்று சுருதி, மற்றொன்று மெட்டு. இரண்டின் நாணல் நாக்குகளும் சுரைக்குடுக்கைக்குள் மறைந்திருக்கின்றன; உதடு அவற்றைத் தீண்டுவதேயில்லை. ஆகவே நாதத்தின் நிறம் பெரிதும் மாறாது. மாறாததைப் பொறி பற்றிக்கொண்டது.

நாகசுரமோ அத்தகையதன்று. சீவாளி உதடுகளுக்கிடையே நிற்கிறது. விரல்துளைகள் ஏழே, இடைப்பட்ட சுரங்களும் கமகங்களும் துளையைப் பாதி மூடுவதாலும், உதட்டின் இறுக்கத்தாலும், மூச்சின் அளவாலும் பிறக்கின்றன. மஸ்ஜித் தானா வட்டாரத்துத் தோட்டக் கோயில்களில் மேளம் கேட்டு வளர்ந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நின்றதுண்டோ? கட்டைகள் வரிசையாக நிற்கும் கருவியில் சுரம் நின்றுதான் ஆகவேண்டும். இக்குறை கருதியே அகில இந்திய வானொலி 1940 முதல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971இல்தான் தடை தளர்ந்தது. விலக்குண்ட அக்கருவியே படத்தில் மகுடிக்குக் கைகொடுத்தது ஒரு வேடிக்கை. பாம்பாட்டிகளே பின்னர் அப்படமெட்டை ஊதத் தலைப்பட்டது அதனினும் வேடிக்கை!

மின்னிசைக் கருவி செய்தோரும் மேற்கத்திய ஊதுகருவிகளைப் போலச்செய்ய முயன்று இதே இடத்தில் இடறினர். 1970இல் வந்த மினிமூக், இடக்கையால் உருட்டிச் சுரத்தை வளைக்கும் சக்கரத்தைத் தந்தது. 1983இல் யமஹா வெளியிட்ட டிஎக்ஸ்7 கருவியில், வாயில் கவ்வி ஊதும் சிறு குழலையும் இணைக்க முடிந்தது. மூச்சின் அழுத்தத்துக்கேற்ப ஓசை மாறிற்று. எனினும் குழலுக்குள் நிகழ்வதை அது அறியாது. 1994இல் அந்நிறுவனத்தின் விஎல்1, நாணலின் அதிர்வையும் குழலில் காற்று சென்று மீள்வதையும் கணக்கிட்டே ஒலி தந்தது. அக்கணக்கோ பெரிது, ஆதலால் ஒரே வேளையில் இரண்டு சுரங்களுக்கு மேல் அதனால் ஒலிக்க இயலவில்லை. அதனை உயிரோடு ஒலிக்கச் செய்யவும் வாசிப்போன் குழலைக் கவ்வி ஊதவேண்டியிருந்தது.